கோராவுக்குப் பதினோரு பெட்டி

“அந்தம்மாகிட்ட சொல்லும்மா ராக்னா, மாவு மூட்டை கனமா இருக்கு, நான் தூக்கிட்டு வந்து வீட்டுல போட்டுடுறேன்னு.”

இதைச் சொன்னபோது ஆஸ்லக் எங்கள் கடை அடுப்பை ஒட்டிக் குந்தியிருந்தார். சாஸரில் ஊற்றி ஆற்றிய காப்பியை, முன்பற்களுக்கிடையே கடித்துப் பிடித்த சர்க்கரைக் கட்டி வழியாக உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவர் ‘அந்தம்மா’ என்றது மூன்றடி தள்ளி நின்ற குன்ஹில்டை. இருவருக்கும் நடுவில் உப்பு மீன் பீப்பாய் ஒன்றுதான் இருந்தது.

“ஆஸ்லக் மூட்டையைத் தூக்கிட்டு வராராம் அக்கா” என்றேன்.

“எனக்குக் கை ரெண்டும் இருக்குன்னு சொல்லு.”

“அவங்களுக்குக் கை ரெண்டும் இருக்காம்.”

“பாதையெல்லாம் ஐஸ். வழுக்கும்னு சொல்லு.”

“வழுக்கி விழுந்தா நான்தானே விழுறேன், அவருக்கு எங்க வலிக்குதுன்னு கேளு.”

நான் கேட்கவில்லை. ஆஸ்லக் சாஸருக்குள் சிரித்தார். குன்ஹில்ட் மூட்டையின் காதைப் பிடித்தவர், தூக்காமல் அப்படியே நின்றார்.

“இன்னொண்ணு கேளு ராக்னா. கோரா கப்பலுக்குக் கஞ்சி ஊத்தினாரே, அது என் வீட்டுக்காரருக்குத் தெரியுமான்னு கேளு.”

சாஸர் தரையில் இறங்கியது. சர்க்கரை இன்னும் பல்லில்தான் இருந்தது.

“பதினோரு பெட்டி” என்றார் ஆஸ்லக், அடுப்பைப் பார்த்து.

“எத்தனைன்னு கேக்கல. தெரியுமான்னு கேட்டேன்.”

இந்த முறை குன்ஹில்ட் என்னை மறந்துவிட்டார். நேராக அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டார். மேல்கோயிலைச் சேர்ந்த ஒருவர் கீழ்கோயிலைச் சேர்ந்த ஒருவரிடம் நேருக்கு நேர் பேசி எங்கள் துறையில் அப்போது ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆஸ்லக் எழுந்தார். கதவைத் திறந்தார். போய்விட்டார். அரைச் சாஸர் காப்பி அடுப்படியில் ஆறிக்கொண்டிருந்தது. குன்ஹில்ட் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஐஸ் மேல் நடந்து போனார். விழவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய மாசிக் குளிரில் நடந்தது இது.

ஆல்மர் துறையில் கடையும் தபால் நிலையமும் ஒன்றுதான். அதை நடத்துவது என் அப்பா. மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையில் நார்வேக்காரர்கள் எண்பது குடும்பம் இருக்கிறோம். முன்பு ஒரு கோயில் இருந்தது. கடவுள் யார் யாரைக் கரையேற்றுவதென்று உலகத்தைப் படைக்கும் முன்பே முடிவு செய்துவிட்டாரா, அல்லது அவனவன் விசுவாசத்தைப் பார்த்து முடிவு செய்தாரா என்று போதகர்களுக்குள் தகராறு வந்தது. அது சபைக்குள் இறங்கியது. இருநூறு அடி இடைவெளியில் இன்னொரு கோயில் எழும்பியது; மேட்டில் நிற்பது மேல்கோயில், பள்ளத்தில் நிற்பது கீழ்கோயில். அதன் பிறகு மேல்கோயில்காரர் கீழ்கோயில்காரரோடு பேசுவதில்லை. கோயிலை இரண்டாக்க முடிந்தது. தபால் நிலையத்தை இரண்டாக்க அரசாங்கம் சம்மதிக்கவில்லை. ஆகவே எங்கள் கல்லாவுக்கு முன்னால் எல்லோரும் நிற்கிறார்கள், நான் அவரவர் சொன்னதைச் சொன்னபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொல்கிறேன்.

ஆஸ்லக் தோர்சேத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. குள்ளம். உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குத் தடித்த முன்கைகள். புருவத்திலும் காதோர முடியிலும் எப்போதும் மரத்தூள். அவர் உட்கார்ந்து எழுந்த பெஞ்சில் கையை வைத்தால் மஞ்சளாக ஒட்டும். மனைவி இறந்து பல காலம். மர அறுவை மில்லுக்குப் பின்னால் இரண்டு அறையில் தனியாக இருக்கிறார். உருளைக்கிழங்கும் உப்பிட்ட மீனும் ரொட்டியும் அவர் சாப்பாடு. சொந்தத் தொழில் மீன்பிடிப்பு. ஆனால் அவரை மீன்காரர் என்று யாரும் சொல்வதில்லை. ஏரியின் இந்தக் கரை முழுவதும் அவருக்குப் பெயர் கஞ்சிக்காரர்.

பலகையால் கட்டிய கப்பல் வயதாக ஆக ஒழுகும். பலகை இடுக்குகளில் தார் தோய்த்த சணலை அடித்துச் செருகுவதுதான் முறையான வைத்தியம், கலப்பத்து என்பார்கள். அதற்குக் கப்பலைத் தண்ணீரை விட்டு வெளியே ஏற்ற வேண்டும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முதலாளிகளுக்குப் பருவம் முடிவதற்குள் இன்னும் ஒரு பயணம் வேண்டும். அப்போது ஆஸ்லக்கைக் கூப்பிடுவார்கள். நீண்ட கழியின் முனையில் ஒரு பெட்டி. அதில் மரத்தூளை நிரப்பி, வாயைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் அழுத்தி, கப்பலின் அடிவயிற்றுக்குக் கீழே கொண்டுபோய்க் கழியைத் திருப்புவார். தூள் மேலே மிதந்து பலகையைத் தொடும். ஒழுகும் இடுக்கு தண்ணீரோடு தூளையும் உறிஞ்சும். தூள் ஊறிப் பருத்து இடுக்கை அடைத்துக்கொள்ளும். இதுதான் கஞ்சி ஊற்றுவது.

“நான் எங்கம்மா அடைக்கிறேன்? தண்ணிக்குத்தான் ஓட்டை எங்க இருக்குன்னு தெரியும். அது போற வழியில தூளையும் இழுத்துட்டுப் போகுது. திருடனே வீட்டைப் பூட்டிட்டுப் போற மாதிரி” என்பார்.

அவர் வேலை செய்யும்போது பார்க்க வேண்டும். முதலில் ஒரு குச்சியின் ஒரு முனையைக் கப்பல் பலகையில் ஊன்றி, மறுமுனையைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். ஒழுக்கின் சத்தம் பல் வழியாக மண்டைக்குள் கேட்குமாம். பிறகு தூளை நாக்கில் வைத்துப் பார்ப்பார். பைன் தூள்தான் ஊறும். செடார் கசக்கும், ஒட்டாது. வேறு மரத்தூளைக் கலந்து கொடுத்த மில்காரனின் முகத்திலேயே அதைத் துப்பியிருக்கிறார்.

கஞ்சி குடித்த கப்பலுக்குப் பத்தியம் உண்டு. காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு ஓடலாம். காற்றுக்கு எதிரே வளைத்து வளைத்து ஏறக் கூடாது. ஏறினால் அலை மோதி உடம்பு முறுக்கும், பலகை விலகும், தூள் கழன்றுவிடும். “ஆடாத வரைக்கும் நிக்கும்” என்பது ஆஸ்லக் வாயில் ஒரு நாளைக்குப் பத்து முறை வரும் வாக்கியம். அதனால் துறையில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. கஞ்சி ஊற்றியவன், எத்தனை பெட்டி என்று கேப்டனின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். முதலாளியிடம் சொன்னால் போதாது. குமாஸ்தாவிடம் சொன்னால் போதாது.

கோரா, பெல்நாப் என்ற மர வியாபாரியின் இரட்டைப் பாய்மரக் கப்பல். சின்னது, மகள் பெயரை வைத்திருந்தார். அந்த மாசிக்கு முந்தைய நவம்பரில் சுண்ணாம்புக்கல் பாளங்களை ஏற்றிக்கொண்டு எங்கள் துறையில் கட்டிக் கிடந்தது. கட்டிக் கிடந்த இடத்திலேயே காலையும் மாலையும் பம்படித்துத் தண்ணீரை இறைக்க வேண்டியிருந்தது. கலப்பத்து வேலையை வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம், இந்த ஒரு நடை போகட்டும் என்று பெல்நாப் எழுதியிருந்தார். ஆஸ்லக் திங்கட்கிழமை முழுவதும் கஞ்சி ஊற்றினார். பதினோரு பெட்டி. அவர் வாழ்நாளில் ஒரு கப்பலுக்கு ஆறு பெட்டிக்கு மேல் போனதில்லை. மாலையில் பம்பு வறண்டது. அப்போது கேப்டன் கப்பலில் இல்லை. குறித்த கேப்டனுக்குக் காய்ச்சல் என்று, செவ்வாய்க்கிழமை காலையில்தான் உள்ளூரில் எய்விண்ட் பிரெக்கேயைப் பிடித்து ஏற்றினார்கள். எய்விண்ட் குன்ஹில்டின் கணவர். மேல்கோயில்.

ஆஸ்லக்கும் எய்விண்டும் ஒரு காலத்தில் கூட்டாளிகள். இரண்டு பேருக்கும் ஒரே படகு. குன்ஹில்டை ஆஸ்லக் ‘தங்கச்சி’ என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் வீட்டில்தான் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. கோயில் பிரிந்தபோது படகைப் பிரிக்க முடியவில்லை. திங்கள், புதன், வெள்ளி ஆஸ்லக்குக்கு. செவ்வாய், வியாழன், சனி எய்விண்டுக்கு. ஞாயிறு கடவுளுக்கு, அவர் எந்தக் கோயிலில் இருந்தாலும்.

இந்தத் தகராறில் உங்கள் கட்சி எது என்று ஒரு நாள் ஆஸ்லக்கிடம் கேட்டேன்.

“எனக்கு அது முழுசா புரியலம்மா. எய்விண்டுக்கும் புரிஞ்சிருக்காது. போதகர், சம்மதிக்கிறவங்க எழுந்து நில்லுங்கன்னாரு. அவன் எழுந்தான். எனக்கு அன்னிக்கு முட்டி வலி.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

பேசாதவர்கள் ஒரே படகை எப்படி ஓட்டினார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. பொதுவாகச் சொல்லிவிடுவதுதான் வழக்கம். கரையில் இருவரும் இருக்கும்போது ஒருவர் வலையைப் பார்த்தோ, நாயைப் பார்த்தோ, கப்பலைக் கயிற்றால் கட்டும் கட்டையைப் பார்த்தோ, “வலையில ரெண்டு மிதவை உடைஞ்சு போச்சு” என்பார். மற்றவர் திரும்ப மாட்டார், தலையாட்ட மாட்டார். மறுநாள் வலையில் இரண்டு புது மிதவை இருக்கும். ஐந்து ஆண்டுகள் அந்தப் படகு அப்படித்தான் ஓடியது. ஒரு மிதவை தவறியதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வடக்கிலிருந்து வாடை பலமாக அடித்தது. எய்விண்ட் கோராவின் பின்பக்கத்தில் நின்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்லக், கோரா கட்டிக் கிடந்த கல்துறைக்குப் போனார். கட்டைக்கு முன்னால் நின்று, கட்டையிடம், “பதினோரு பெட்டி. எதிர்க்காத்துக்குத் திருப்பக் கூடாது” என்றார். எய்விண்ட் திரும்பவில்லை. திரும்ப மாட்டார் என்பதுதான் வழக்கம். ஆஸ்லக் வீட்டுக்குப் போய்விட்டார். கோரா பாயை விரித்துத் தெற்கே போனது.

நடுப்பகலில் பனி கொட்டத் தொடங்கியது. காற்று இரண்டு மடங்கானது. கண் தெரியாத பனியில் கல் பாரத்தோடு தெற்கே ஓடுவதைவிடத் துறைக்குத் திரும்பிவிடுவதே மேல் என்று எய்விண்ட் நினைத்திருக்க வேண்டும். நல்ல கப்பலாக இருந்தால் எந்தக் கேப்டனும் அதைத்தான் செய்வார். வாடைக்கு எதிரே வளைத்து வளைத்து ஏறி வந்திருக்கிறார்கள். துறை வாயில் தெரியும் தூரம் வரை வந்துவிட்டார்கள். கரையிலிருந்து அரை மைலில், வெள்ளைத்திட்டு என்ற மணல்மேட்டுக்கு வெளியே, கோரா அப்படியே கீழே உட்கார்ந்தது. அங்கே ஆழம் முப்பது அடிதான். இரண்டு பாய்மரமும் தண்ணீருக்கு மேலே நின்றன. ஆறு பேரும் கயிற்றேணியில் ஏறிக்கொண்டார்கள்.

புதன்கிழமை காலை பனி விலகியதும் எல்லோரும் கரையில் நின்று பார்த்தோம். ஆறு கறுப்புப் புள்ளிகள். அவை அசைந்தன. ஒருவர் கையை வீசினார். குன்ஹில்ட் படுக்கை விரிப்பை எடுத்துவந்து வீசினார். நான்கு முறை படகை இறக்கினார்கள், நான்கு முறையும் அலை திருப்பி எறிந்தது. மதியத்துக்குமேல் இரண்டு புள்ளிகள்தான் அசைந்தன. மாலையில் வெளிச்சம் போகும்வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மேல்கோயிலும் கீழ்கோயிலும் அன்று ஒன்றாகத்தான் நின்றன. ஆனாலும் பேசிக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை அலை தணிந்தது. ஆஸ்லக் படகைத் தள்ளினார். வியாழன் எய்விண்டின் முறை. அதை யாரோ வாய்விட்டுச் சொன்னார்கள், பழக்கத்தில். ஆஸ்லக் நின்று, சொன்னவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, துடுப்பை எடுத்தார்.

கயிற்றேணி முழுவதும் கை தடிமனுக்கு ஐஸ். கோடாரியால் கொத்தித்தான் அவர்களை இறக்க முடிந்தது. விரல்கள் கயிற்றை விடவில்லை. எய்விண்டை இறக்கியது ஆஸ்லக். அன்று கையுறையைக் கழற்றிவிட்டு வேலை செய்ததில் அவருடைய இடது கைச் சுண்டுவிரல் உறைந்து, பிறகு வெட்ட வேண்டியதாயிற்று. ஆறு பேரும் ஏணியில் தொங்கிய வளைவிலேயே விறைத்திருந்தார்கள். மில்லின் கொதிகலன் அறையில் இரண்டு நாள் கிடத்தி வைத்த பிறகுதான் பெட்டிக்குள் நேராகப் படுக்க வைக்க முடிந்தது. கொதிகலனுக்கு விறகு போட்டவரும் ஆஸ்லக்தான்.

தை மாதம் கப்பலுக்குக் காப்புறுதி கொடுத்த கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பள்ளிக்கூடத்தில் விசாரணை. அவருக்கு ஆங்கிலம் மட்டும். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு நார்வே மொழி மட்டும். நார்வே, ஆங்கிலம் இரண்டு பள்ளிக்கூடத்திலும் படித்தவள் என்று என்னை நடுவில் உட்கார வைத்தார்கள்.

“கப்பலுக்கு மரத்தூள் போட்டது கேப்டனுக்குத் தெரிவிக்கப்பட்டதா?” என்று அதிகாரி கேட்டார். எங்கள் மொழியில் சொன்னேன்.

“சொன்னேன்” என்றார் ஆஸ்லக்.

சொன்னாராம் என்றேன். அதிகாரி எழுதினார்.

“கட்டைகிட்ட சொன்னேன்னு சொல்லும்மா.”

அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி பேனாவைத் தூக்கி என்னைப் பார்த்தார், நான் விளையாடுகிறேனா என்று. பின் பெஞ்சில் யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், மேலும் கீழும் ஒன்றாக. பல வாரமாக அடக்கி வைத்திருந்தது அப்படி வெளியே வந்துவிட்டது. அதிகாரியும் புன்னகை செய்தார். எதையும் எழுதவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

கப்பலின் நிலை கேப்டனுக்குத் தெரிந்திருந்தும் எதிர்க்காற்றில் திருப்பினார் என்று அறிக்கை வந்தது. தபாலில் வந்த அதை நான்தான் படித்துச் சொன்னேன். அதன்பிறகு கோயிலில் குன்ஹில்ட் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. மற்ற ஐந்து பேரின் தாய்மாரும் மனைவிமாரும் மேல்கோயில்தான். அவர் பின்னிக் கொடுத்த வலைகளை வாங்கிக்கொண்டிருந்தவர்கள், வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். “தெரிஞ்சே அஞ்சு பேரைக் கொன்னவன் பொண்டாட்டி” என்று எங்கள் கடைக்குள்ளேயே ஒருத்தி சொன்னாள், சோப்பை முகர்ந்து பார்த்துக்கொண்டே. குன்ஹில்ட் நூல்கண்டு வாங்க நின்றிருந்தார். அதை நான் யாருக்கும் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பாய்மரங்கள் குளிர்காலம் முழுவதும் நின்றன. இரண்டு கோயில் படியிலிருந்தும் தெரியும். பங்குனியில் ஐஸ் நகர்ந்தபோது ஒன்று முறிந்தது. மற்றது சாய்ந்து, சித்திரையில் போனது. அந்த மாதமே ஒரு பலகை கரை ஒதுங்கியது. ஆஸ்லக் அதைக் கால் வைத்து நிறுத்தி, இடுக்கில் கட்டைவிரல் நகத்தை விட்டுச் சுரண்டினார். பழைய சணல் சாணி போல வந்தது. அதற்குக் கீழே மஞ்சள் தூள். நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“பைன்” என்றார். நகத்தைப் பலகையில் துடைத்துக்கொண்டு, “என்னுதுதான். இங்க மட்டும் நின்னிருக்கு” என்றார்.

அவர் இன்னும் கஞ்சி ஊற்றுகிறார். விட்டுவிட்டார் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் அது பொய். முதலாளிகள் இன்னும் கூப்பிடுகிறார்கள், கப்பல்கள் இன்னும் ஒழுகுகின்றன. ஆனால் இப்போது ஒரு கேப்டனையும் அவர் சும்மா விடுவதில்லை. கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, தான் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைக்கிறார்.

“எத்தனை பெட்டி?”

“நாலு அண்ணே.”

“என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

“நாலு அண்ணே, நாலு. பொத்தானை விடுங்க, பிஞ்சிடப் போகுது.”

“காத்தை எங்க வாங்கணும்?”

“முதுகுல. தாலாட்டு மாதிரி பாடிட்டே போறேன், போதுமா?”

மேல்கோயில் கேப்டன்களையும் அப்படித்தான் பிடிக்கிறார். அவர்கள் வானத்தைப் பார்த்துப் பதில் சொன்னால், வானம் இருக்கும் பக்கமாகப் போய் நின்றுகொள்கிறார். இரண்டு பேருக்கு உண்மையாகவே பொத்தான் பிய்ந்தது. எங்கள் கடையில் பொத்தான் வாங்கித் தைத்துக் கொடுத்தார்.

கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீடுகளில் அரிசிக் கஞ்சியில் வெண்ணெய் விட்டுச் சாப்பிடுவோம். தனி ஆள் என்பதால் ஆஸ்லக்கை அம்மா கூப்பிடுவார். இரண்டு வருடமாக வருகிறார், உட்காருகிறார், மீனைத் தின்கிறார். கஞ்சிக் கிண்ணம் அவர் முன்னால் வரும்போது அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் நகர்த்திவிட்டு, வெண்ணெய் நன்றாக இருக்கிறது என்கிறார்.

உங்களைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதலாமா என்று இந்த வருடம் ஆஸ்லக்கிடம் கேட்டேன். கல்லாவில் சாய்ந்துகொண்டார்.

“ரெண்டு கோயில்காரங்களும் வாங்குற பத்திரிகையா அது?”

“ஆமாம்.”

“அப்போ எழுது. எதையும் விட்டுடாதே.”

ஆகவே போன நவம்பரில் நடந்ததையும் எழுதுகிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். ஆஸ்லக் கடைக்குள் வந்தார், அடுப்புப் பக்கம் போகவில்லை. காப்பியை ஊற்றினேன், எடுக்கவில்லை.

“வாடை அடிக்குதும்மா. ரெண்டு வருஷமா பாத்துட்டிருக்கேன். இன்னிக்குத்தான் அன்னிக்கு அடிச்ச மாதிரி அடிக்குது. கால்மணி நேரம் வருவியா?”

கல்துறையில் கப்பல் எதுவும் இல்லை. அலை கல்லில் அடித்துத் திவலையாக எழும்பிக்கொண்டிருந்தது. ஆஸ்லக் கட்டையிலிருந்து பதினான்கு அடி எண்ணி நடந்து, ஓர் இடத்தில் குதிகாலால் தேய்த்துக் காட்டினார்.

“கோராவோட பின்பக்கம் இங்கதான் வரும். எய்விண்ட் இப்படி நின்னான், மூஞ்சி ஏரிப்பக்கம். நீ அப்படியே நில்லு. நான் போய்க் கட்டைகிட்ட சொல்றேன். அன்னிக்குச் சொன்னதையே, அன்னிக்குச் சொன்ன அளவுக்கே. கேட்டா கையைத் தூக்கு. கேக்கலேன்னா சும்மா நில்லு. என்மேல இரக்கப்பட்டு நீயா எதையும் சேர்க்காதே. நீ சொன்னதைச் சொன்னபடி சொல்றவ, அதான் உன்னைக் கேக்குறேன்.”

“கேக்கலேன்னா என்ன பண்ணுவீங்க?”

“ரெண்டு கோயில்லயும் எழுந்து நின்னு சொல்லணும். அவனுக்குத் தெரியாதுன்னு.”

“கேட்டுச்சுன்னா?”

அவர் ஏரியைப் பார்த்தார்.

“கேட்டுச்சுன்னா, குன்ஹில்டுகிட்ட நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்.”

நான் ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் காலடிச் சத்தம் போயிற்று. நின்றது. திரும்பி வந்தது. என் முன்னால் வந்து நின்று, தன் தலையிலிருந்த ஆட்டுத்தோல் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார். அதன் இரண்டு காதுமடல்களையும் இறக்கினார். நாடாவை என் மோவாய்க்குக் கீழே, விரல் போன அந்தக் கையால் தடுமாறித் தடுமாறி இறுக்கிக் கட்டினார். அலை, காற்று எல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டன. அவர் உதடு அசைந்தது. எனக்குக் கேட்கவில்லை. அதைக் கண்டுகொண்டு, ஒரு மடலை விரலால் தூக்கிப் பிடித்து என் காதோரம் குனிந்தார்.

“அவன் இப்படித்தான் கட்டியிருந்தான், ராக்னா. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் சொன்னேன்.”

மடலை விட்டார். அது சரியாக மூடியிருக்கிறதா என்று உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு, நான் தோள்மேல் திரும்பிப் பார்க்க, வழுக்கைத் தலையோடு வாடையில் நடந்து போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கட்டையை நோக்கிக் குனிந்தார்.